எங்கே என்று கேட்கக் கூடாத மனிதர்

பல்லு வைத்தியரிடம் உதவியாளாகச் சேர்ந்த முதல் மாதமே எனக்கு ஒரு பித்தளைக் குடம் வாங்கித் தந்தார்கள். குறடு எப்படி எடுத்துக் கொடுப்பது, பஞ்சு எப்படி வைப்பது என்பதெல்லாம் பிறகு படித்தவை. குடம் பிடிக்கத்தான் முதலில் படித்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் டொக்டருக்குச் சொந்தமாக ஒரு விமானம் இருந்தது. கார் வைத்திருப்பவர்களையே திருகோணமலைப் பட்டினத்தில் விரல் விட்டு எண்ணிய காலம் அது. வெள்ளைக்காரர் சீனன்குடா விமானத்தளத்தில் மூட்டை கட்டியபோது கதிரை, மேசை, பீங்கான், கோப்பை என்று ஏலத்தில் போட்டதையெல்லாம் சனம் அள்ளிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டுக்கும் ஒரு அலுமாரி வந்தது. அதன் கதவு இன்றுவரை ஒழுங்காகச் சாத்தியதில்லை. டொக்டர் சாய்மனைக் கதிரை ஒன்று வாங்கப் போனவர். கதிரையை விட்டுவிட்டு விமானத்தை வாங்கினார். லண்டனில் பல்லுப் படித்த காலத்தில் கூடவே பறக்கவும் படித்திருந்தாராம். அந்த ஆசை இத்தனை வருஷம் ஒரு மூலையில் படுத்துக் கிடந்து, ஏலத்தன்று எழும்பிவிட்டது.

யுத்தத்துக்கு முந்திய பயிற்சி விமானம். மேலே ஒரு சோடி, கீழே ஒரு சோடி என்று சிறகுகள். ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் இருக்கலாம், கூரை கிடையாது. உடம்பெல்லாம் மரச்சட்டமும் அதன் மேல் இழுத்துக் கட்டிய துணியும். துணிக்கு மேல் ஒரு பூச்சு. அது நகப்பூச்சு மாதிரி மணக்கும். அந்த மணம் மாடுகளுக்குப் பிடித்துப்போய், அசந்த நேரம் வந்து சிறகை நக்கும். ஓடுபாதைக் கரையில் ஒரு தகரக் கொட்டில் பிடித்து அதற்குள் விமானத்தை வைத்திருந்தார். காவலுக்கும், கிழிசல் தைக்கவும், முன்னால் இருக்கிற காற்றாடியைக் கையால் சுழற்றி எஞ்சினைக் கிளப்பவும் கிண்ணியாவைச் சேர்ந்த சலீம் காக்கா இருந்தார். வெள்ளைக்காரரிடம் அதே வேலையைப் பார்த்தவர். தையல் மட்டும் அவருடைய மனிசியின் கைவேலை.

இனிக் குடத்துக்கு வருகிறேன். டொக்டர் சகுனம் பார்ப்பவர். எல்லோரும்தான் பார்ப்பார்கள், ஆனால் இவர் பார்த்த மாதிரி நான் வேறெங்கும் கண்டதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் விடியக் காலையில் அவர் கொட்டிலிலிருந்து இறங்கி விமானத்தை நோக்கி நடக்கும்போது, கலியாணமாகாத பிள்ளை ஒருத்தி நிறைகுடத்தோடு எதிரே வர வேண்டும். அந்தப் பிள்ளை நான். நானோ மெதடிஸ்த சபைப் பெண். குடத்தோடு குறுக்கே நடந்துவிட்டு, முதல் பஸ்ஸிலே பட்டினத்துக்கு ஓடிவந்து ஆராதனைக்குச் சபையாரோடு வாங்கில் இருந்துவிடுவேன். “விடியக் காலமை எங்கை போய் வாறீர்?” என்று ஒருநாள் பாதிரியார் கேட்டார். “தண்ணி அள்ளப் போனனான் ஐயா” என்றேன். பொய்யில்லைத்தானே.

நோயாளிகள் பட்ட பாடு வேறு. குறடு வாய்க்குள் போன பிறகு யாராவது ஒற்றைத் தும்மல் தும்மினால் குறடு வெளியே வந்துவிடும். இரண்டாவது தும்மல் வரும்வரை டொக்டர் யன்னலோரம் நின்று தெருவைப் பார்ப்பார். நோயாளி வாயைத் திறந்தபடியே கிடப்பார். தடிமன் பிடித்து மூக்கைச் சிந்துபவர்களை அவர் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அது கிருமிக்குப் பயந்து என்று ஊர் நினைத்தது. லண்டனில் படித்தவர் அல்லவா என்று மெச்சினார்கள்.

செவ்வாய்க்கிழமை கிண்ணியாப் பாதையில் ஏறமாட்டார், துறை தாண்டும் அந்த மிதவையை அன்றைக்கு அவர் கண்ணில் காட்டக் கூடாது. ஏணியில் ஏறமாட்டார். பூனை குறுக்கே போனால் காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். தரையில் இத்தனை பயம் உள்ளவர், மாடு நக்கிய சிறகில் ஏறிக் கடலுக்கு மேலே போனார். இதைப் பற்றி ஒருநாள் சலீம் காக்காவிடம் கேட்டேன்.

“மேல பூன இல்லத்தானே தங்கச்சி” என்றார்.

சகுனங்களில் எல்லாம் பெரிய சகுனம் ஒன்று இருந்தது. வெளிக்கிடும் ஆளைப் பார்த்து ‘எங்கே போறீங்கள்’ என்று கேட்கக் கூடாது. நம்முடைய சனத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். யாராவது கேட்டால் ஒரு முழி முழித்துவிட்டுப் போய்விடுவோம். டொக்டர் அப்படிப் போகமாட்டார். கேட்டுவிட்டால் திரும்ப வேண்டும், கதிரையில் இருக்க வேண்டும், ஒரு செம்புத் தண்ணீர் குடிக்க வேண்டும், பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும். விமானத்தளத்தில் இருந்தவர்கள் வாய் திறக்க முதலே, “இஞ்சைதான், சுத்திப்போட்டு வாறன்” என்று முந்திக்கொள்வார். இப்போதைய பெரிய விமானங்களில் முன் இருக்கையின் முதுகிலே படம் போட்டு, இதோ இங்கே போகிறாய் என்று வழி நெடுகக் காட்டுகிறார்கள். அவர் கண்டிருந்தால் இடைவழியில் இறங்கியிருப்பார்.

அவருடைய மனைவியும் கேட்டதில்லை. நான் அவவை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா அதற்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்திருந்தா. ஞாயிறு காலை அவர் படியிறங்கும்போது, “மத்தியானத்துக்கு மீனோ, மரக்கறியோ?” என்று கேட்பா. “மீன்” என்றால் கிட்ட எங்கோ போய்விட்டுச் சுடச் சுட வந்து சாப்பிடப் போகிறார். “என்னெண்டாலும் சரி” என்றால் தூரம். அக்காவின் முகம் அன்றைக்கு எப்படி இருக்கும் என்பது அந்தப் பதிலில் தங்கியிருந்தது.

பறப்பது பெரிய செலவு. பெற்றோல், துணி, பூச்சு, கப்பலில் வர வேண்டிய சாமான் என்று அது தின்றுகொண்டே இருந்தது. டொக்டர் எல்லாவற்றையும் பல்லுக் கணக்கில்தான் சொல்வார். ஒரு மணித்தியாலம் மேலே நிற்க நாலு கடைவாய்ப் பல்லு. சில்லு மாற்ற ஒரு முழுச் செட். கலியாண வீட்டில் யாராவது வாய் விட்டுச் சிரித்தால் இவர் கண் அந்த வாய்க்குள்ளே போய்விடும். பெற்றோல் தேடுகிறார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

என்னை ஒருமுறை மேலே கூட்டிக்கொண்டு போனார். குடத்துக்குச் சம்பளம் கிடையாது என்பதால் அது சன்மானம். முன்னுக்கு நான், பின்னுக்கு அவர். இடையில் ஒரு றப்பர்க் குழாய். அவர் பக்கத்தில் வாய், என் பக்கத்தில் காது. அவர் சொல்வது எனக்குக் கேட்கும், நான் கத்துவது யாருக்கும் கேட்காது. பல்லுக் கதிரையிலும் அதே ஒழுங்குதான். சில்லு தரையை விட்டதும் நான் என் பாவங்களை நினைத்தேன். கொஞ்சம் உயர்ந்ததும் மறந்துபோனேன். துறைமுகம் முழுவதும் ஒரே பார்வையில் வந்தது. குடாவுக்குள் குடா, அதற்குள் இன்னொரு குடா, கப்பல்கள் எல்லாம் கழுவிக் கவிழ்த்த கோப்பைகள் போலச் சின்னதாக. காற்று முகத்தில் அறைந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன் என்பதே பல்லுக் குளிர்ந்த பிறகுதான் தெரிந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் அனுபவித்ததில்லை, அதை இன்றைக்கும் வெட்கமில்லாமல் சொல்லுவேன்.

அப்போது பக்கத்தில் ஒரு செம்பருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை கருடன் கண்ணில் படுவது எவ்வளவு விசேஷம். குழாயில் அவர் குரல் கேட்டது: “பிள்ளை, கருடன்.” ஏதோ தட்டும் சத்தமும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மனிதர் இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். விமானம் தன் பாட்டுக்குச் சரிந்து போனது. கருடன்தான் விலகிக்கொண்டது.

இப்படியே போயிருக்கும், உப்புவெளி அந்தோனிக்குப் பல்லு வலி வராமல் இருந்திருந்தால்.

அந்தோனி இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரன். அந்த ஞாயிறு கன்னம் வீங்கி, துவாயால் தாடையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்கு வந்து, டொக்டர் சீனன்குடாவில் என்று கேள்விப்பட்டு, அங்கேயும் மிதித்து வந்துவிட்டான். நான் குடத்தோடு நடந்து முடித்திருந்தேன். சலீம் காக்கா பெற்றோல் கலனைத் தூக்கிக்கொண்டு மேற்சிறகுத் தாங்கியில் ஊற்ற வந்தார். டொக்டர் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார்.

“ஐயோ டொக்டர், எங்க போறீங்கள்?” என்றான் அந்தோனி.

டொக்டர் காலை இறக்கினார். காக்கா கலனை இறக்கினார். எல்லோரும் திரும்பக் கொட்டிலுக்குப் போனோம். டொக்டர் கதிரையில் இருந்து, தண்ணீர் குடித்து, அந்தோனியைப் பார்த்தார். இவன் இங்கே நின்றால் திரும்பவும் கேட்பான் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். பறக்கக் கொண்டுபோகும் பையிலே எப்போதும் ஒரு குறடும் மருந்தும் வைத்திருப்பார். எங்கேயாவது இறங்க வேண்டி வந்தால், பல்லு வலிக்காத ஊர் உலகத்தில் கிடையாது என்பது அவருடைய நம்பிக்கை. அந்தோனியை விமானச் சில்லில் சாய்த்து, ஊசி போட்டு, பல்லைப் பிடுங்கி எடுத்தார். வாய் கொப்பளிக்கத் தண்ணீர் வேண்டுமென்று என் குடத்திலிருந்து ஊற்றினோம். குடம் குறைந்தது. குறைகுடத்தோடு எதிரே போகலாமா? கிணற்றடிக்கு ஓடி நிரப்பிக்கொண்டு வந்தேன். திரும்ப நடந்தேன். வெய்யில் ஏறிவிட்டது என்று அவர் அவசரப்பட்டார். காக்கா “பிஸ்மில்லாஹ்” சொல்லிக் காற்றாடியைச் சுழற்றினார். விமானம் உயர்ந்து, துறைமுகத்துக்கு மேலாகக் கடல் பக்கம் திரும்பியது.

அது மறைந்த பிறகுதான் காக்கா கீழே பார்த்தார். பெற்றோல் கலன் நிறைந்தபடி நின்றது.

தாங்கியில் எவ்வளவு கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. அளவு காட்டும் கம்பி வாங்கிய நாளிலிருந்து இறுகி ஒரே இடத்தில் நின்றது. அதை நம்பினால் தாங்கி எப்போதும் அரைவாசி.

மத்தியானம் ஆயிற்று. பின்னேரம் ஆயிற்று. விமானத்தளத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டு நான் அக்காவிடம் போனேன். குசினியில் மீன் வெட்டி வைத்துக்கொண்டு நின்றா. பெற்றோல் கதையைச் சொன்னேன்.

“எந்தப் பக்கம் போனவர்?”

“கடல் பக்கம் திரும்பினதைக் கண்டனான் அக்கா.”

“அதுக்குப் பிறகு?”

“தெரியாது.”

“எங்க எண்டு கேக்கேல்லையோ நீர்?”

அக்கா கத்தியைக் கழுவி வைத்தா. “உம்மைக் கேட்டு என்ன. கலியாணம் கட்டின நாளிலயிருந்து நான் கேக்கேல்லை” என்றா.

துறைமுகத்திலிருந்து தேடப் போக ஆட்கள் ஆயத்தமாகத்தான் நின்றார்கள். எந்தப் பக்கம் என்று கேட்டார்கள், பதில் சொல்ல ஊரில் ஒரு மனிதர் இல்லை. ஒருவர் நிலாவெளிப் பக்கம் சத்தம் கேட்டது என்றார். இன்னொருவர் மூதூருக்கு மேலே கண்டது என்றார், பிறகு அது போன கிழமை என்றார். அந்தோனி பஞ்சு வைத்த வாயோடு தன் இரண்டு வள்ளத்தையும் இறக்கி, இருட்டும்வரை கடலைத் துழாவினான். வீட்டில் அயலட்டைச் சனம் கூடி, செத்த வீட்டில் கதைப்பது போல மெல்லக் கதைக்கத் தொடங்கியது. அக்கா விறாந்தைக்கு வந்தா.

“ஆர் செத்தது? சும்மா இருக்கிற ஆக்கள் வந்து தேங்காய் திருவுங்கோ. இல்லாட்டி வீட்டை போங்கோ.”

தேங்காய் திருவினார்கள்.

மறுநாள் மத்தியானம் தம்பலகாமத்துப் பக்கமிருந்து ஒரு உழவு இயந்திரம் வந்து வாசலில் நின்றது. அதன் பெட்டியில் நாலு தயிர்ச் சட்டி, ஒரு பூசணிக்காய், ஒரு குலை வாழைக்காய், நடுவில் டொக்டர். கடலைச் சுற்றிவிட்டு உள்பக்கம் திரும்பியபோது எஞ்சின் நின்றுவிட்டதாம். அறுவடை முடிந்த வயல் ஒன்றில் வழுக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார். விமானத்துக்குக் காயமில்லை. இரவு யானை வரும் என்று வயல்காரர் காவல் பரணுக்குக் கூப்பிட்டார்கள். பரணுக்கு ஏணியில் ஏற வேண்டும் என்பதால் விமானத்துக்குக் கீழேயே இருந்துவிட்டார். யானை வரவில்லை. எருமை வந்து வால் துணியைத் தின்றுவிட்டது. விடிந்ததும் ஊராருக்கு அவர் பல்லுப் பிடுங்கியதில் கிடைத்ததுதான் தயிரும் பூசணிக்காயும்.

இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “ஆரும் அழுதனீங்களோ?” ஆள் திரும்பி வர முன்னம் அழுவது கூடாது அல்லவா.

“இல்லை” என்றா அக்கா.

“நல்லது” என்றார்.

அக்கா தயிர்ச் சட்டிகளை உள்ளே எடுத்து வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனா. வாளியை உள்ளே விடுவதும் இழுப்பதும் ஊற்றுவதுமாகச் சத்தம் கேட்டது. நான் பின்னால் போய்ப் பார்த்தேன். துவைக்க ஒரு துணியும் இல்லை. தண்ணீரைத் தரையில் ஊற்றிக்கொண்டு, அந்தச் சத்தத்துக்குள் விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தா. வீட்டு முன்பக்கம் அவர் சனத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: “எல்லாம் அந்தோனி கேட்ட கேள்வியால வந்த வினை.” அந்த நிமிஷம் அந்த மனிதர் மேலே எனக்கு வந்த கோபத்தில், குடம் கையில் இருந்திருந்தால் தலையில் கவிழ்த்திருப்பேன்.

வால் துணியைக் காக்காவின் மனிசி புதிதாகத் தைத்துக் கொடுத்தா. வயலிலிருந்து விமானம் வீட்டுக்கு வந்தது. அடுத்து வந்த ஞாயிறு நான் காரில் ஏறப் போனால், முன் இருக்கையில் அக்கா சேலையைச் சரி செய்துகொண்டு இருந்தா. மீனா மரக்கறியா என்று அன்றைக்கு விசாரணை நடக்கவில்லை. டொக்டர் வழி நெடுகப் பூனையைத் தேடினார், ஒன்றும் வரவில்லை.

நான் குடத்தோடு நடந்தேன். காக்கா இந்த முறை எங்கள் எல்லோருக்கும் காட்டிக் காட்டிப் பெற்றோல் ஊற்றினார். டொக்டர் ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார்.

“எங்க போறீங்கள்?” என்றா அக்கா.

அவர் கால் அப்படியே நின்றது. பிறகு இறங்கி, கொட்டிலுக்குப் போய், இருந்து, தண்ணீர் குடித்து வந்தார். நான் திரும்ப நடந்தேன். அவர் காலைத் தூக்கினார்.

“எங்க போறீங்கள்?”

திரும்பவும் கதிரை, திரும்பவும் தண்ணீர். மூன்றாவது முறை காக்கா கலனைக் கவிழ்த்து அதன் மேல் குந்திவிட்டார். நாலாவது முறை டொக்டர் கொட்டிலுக்குப் பின்பக்கம் போய்வர வேண்டியிருந்தது; அவ்வளவு தண்ணீர்.

“என்ன வேலை இது? சகுனத்தைக் கெடுக்கிறீர்” என்றார், குரல் உயராமல்.

“கெடட்டும். கிழமைக்குக் கிழமை வந்து கேப்பன். கேட்டால் நீங்கள் போக ஏலாதுதானே. போகாட்டி வராமல் விடுறதும் இல்லை.” அக்கா ஓர் அடி முன்னுக்கு வந்தா. “இல்லாட்டி ஒருக்கால் பதிலைச் சொல்லிப்போட்டுப் போங்கோ. எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்கிறது எண்டாவது எனக்குத் தெரியட்டும்.”

டொக்டர் ஓடுபாதையைப் பார்த்தார். காக்காவைப் பார்த்தார். காக்கா வானத்தைப் பார்த்தார்.

“ஓரிடமும் இல்லை” என்றார் டொக்டர்.

“என்ன?”

“போறதுக்கு ஓரிடமும் இல்லையப்பா. மேல போறன். சுத்துறன். இறங்குறன். அவ்வளவுதான்.”

கதிரையில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, குறடு வரப் பார்த்திருக்கும் நோயாளியின் முகம் அவருக்கு வந்திருந்தது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. சகுனத்தில் அவருக்கு நம்பிக்கை இருந்தது உண்மை. ஆனால் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவர் இவ்வளவு நடுங்கியது சகுனத்தால் மட்டும் அல்ல. ஊரின் பல்லையெல்லாம் பெற்றோலாக எரித்துவிட்டு ஓரிடத்துக்கும் போகாமல் வருகிறேன் என்று ஒரு குடும்பக்காரன் மனிசியிடம் எந்த வாயால் சொல்வது? என் கோபம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. நானும் ஒருமுறை மேலே போய்ச் சிரித்தவள்தானே. நானும்தான் ஓரிடத்துக்கும் போகவில்லை.

அக்கா விமானத்தின் முன் இருக்கையை நிமிர்ந்து பார்த்தா.

“சரி. அப்ப நானும் வாறன்” என்றா.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காக்கா கை கொடுக்க, முன் இருக்கையில் ஏறினா. தோல் தொப்பியைக் கொண்டைக்கு மேல் போட முடியாமல் கொண்டையை அவிழ்த்தா. குழாயை நான் காதில் மாட்டிவிட்டேன். “அவர் கதைச்சால் கேக்கும் அக்கா, நீங்கள் கதைச்சால் கேக்காது” என்று சொன்னேன். “வீட்டிலயும் அப்பிடித்தான்” என்றா.

போனார்கள். ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு தலை சின்னதாகிக்கொண்டு போனது. நான் மெதடிஸ்த முறைப்படி கண்ணை மூடி வேண்டினேன். வாய் காய்ந்தது. செம்பில் டொக்டர் மிச்சம் வைக்கவில்லை, அதனால் குடத்திலிருந்தே அள்ளிக் குடித்தேன். காக்காவும் குடித்தார். பட்டினத்துக்கு மேலாக ஒரு வட்டம் அடித்தார்கள். பிறகு இன்னொரு வட்டம், அதே இடத்தில், தாழ. அதற்குப் பிறகு திரும்பி வந்து இறங்கினார்கள்.

டொக்டர் முதலில் குதித்து, சோதனை மறுமொழிக்கு நிற்கும் மாணவன் மாதிரி ஒதுங்கி நின்றார். அக்கா மெல்லத் தொப்பியைக் கழற்றினா. முகமெல்லாம் காற்றில் சிவந்து, தலைமயிர் பறந்து, பத்து வயது குறைந்த ஆளாக இருந்தா.

“குசினிக்கு மேல ரெண்டு ஓடு விலகிக் கிடக்குது” என்றா.

டொக்டர் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

“அடுப்புக்கு மேல ஒழுகுது, ஒழுகுது எண்டு எத்தினை மாரியாச் சொல்லுறன். மேசன் ஏறிப் பாத்து ஒண்டுமில்லை எண்டிட்டான். கிழமைக்குக் கிழமை அதுக்கு மேலாலதானே போறீங்கள். என்னத்தைப் பாத்தனீங்கள்?”

“எந்தப் பக்கம்?” என்றார் டொக்டர்.

“புகைக்கூட்டுக்கு இடப்பக்கம்.”

“இடப்பக்கம் எண்டால், வாசலில நிண்டு பாக்கேக்கையோ, மேல இருந்து பாக்கேக்கையோ?”

“உங்களுக்குச் சொல்லி விளங்காது. வாங்கோ, காட்டுறன்” என்று சொல்லிக்கொண்டே அக்கா திரும்பவும் ஏறினா.

நான் அவசரமாகக் குடத்தைப் பார்த்தேன். அடியில் ஒரு வாய்த் தண்ணீர் கிடந்தது. டொக்டர் என் பக்கம் திரும்பவேயில்லை. கதிரையில் இருக்கவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, எந்தக் காலை முதலில் வைத்தார் என்று அவருக்கே தெரிந்திராது. மனிசி காட்டப் போகிறா என்று பின்னால் ஏறி இருந்துவிட்டார். காக்கா காற்றாடியைச் சுழற்றினார். விமானம் ஓடி எழும்பியது. எல்லாம் தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, அது எங்கே போகிறது என்று தரையில் நின்ற எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது: குசினிக்கு மேலே.